மத்தாப்புக்காரியின் மச்சம்

கம்பெனி வேனை விட்டு இறங்கும்போதே தரை ஈரமாகக் கிடப்பதை மாரிச்செல்வி பார்த்தாள். ஆவணி மாசம் இந்தக் கரிசக்காட்டில் மழை விழுந்தால் ஏர் பிடிக்கிற சம்சாரிமார் சிரிப்பார்கள். பட்டாசுக் கம்பெனிக்குப் போகிறவள் மட்டும் வானத்தைப் பார்த்து வைவாள்.

முந்தின நாள் சாயங்காலம் சோற்றைப் பிசைந்துகொண்டே மகன் மணிகண்டராஜ் ஒரு பேச்சு சொல்லியிருந்தான். ஆர்டரை முடிக்கிற அவசரத்தில் மத்தாப்புக்குக் கலக்கிய வெள்ளி மருந்து ஒரு தட்டு மிஞ்சிப்போச்சாம்.

"மிஞ்சுனதை எங்கனலே வச்சீக?"

"ரூமுக்குள்ளதாம்மா. ஓரமா வச்சுச் சாக்கைப் போட்டு மூடியிருக்கு."

"எரிகுழியில கொட்டலையா? சீனி ஒண்ணும் சொல்லலையா?"

"அவருதான் மூடச் சொன்னாரு. அக்கா பாத்துக்கிடுவான்னுட்டாரு."

மிஞ்சின மருந்தை அன்றன்றைக்கே எரிகுழியில் கொட்டி எரித்துவிட வேண்டும், மறுநாளைக்கு வைக்கக் கூடாது. ஈரம் ஏறினால் அது தன்னால் புழுங்கும், சூடாகும், பிறகு யாருக்கும் சொல்லிக்கொள்ளாமல் தீப்பிடித்துக்கொள்ளும். கம்பெனி வாசலை மிதித்த எல்லாருக்கும் இது தெரியும். தெரிந்தும் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். ராத்திரி மழை. மகனோ விடியும் முன்னாடியே பைக்கை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான். வெயில் ஏறுமுன் மருந்து வேலை முடிய வேண்டும் என்பது போர்மேன் உத்தரவு.

போர்மேன் சீனிச்சாமி 'அக்கா' என்று சொன்னது ஆளை இல்லை. ஒரு படத்தை.

அந்தப் படத்தைப் பார்க்காத தமிழ்நாட்டுக்காரர் இருப்பது கஷ்டம். கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல் ஒரு சின்னப் பெண். தலையை லேசாகச் சாய்த்து, எரிகிற மத்தாப்பைப் பார்த்துச் சிரிக்கிறாள். வலது கன்னத்தில் மிளகு போல ஒரு மச்சம். கம்பெனிப் பெயரைச் சொல்லி யாரும் கடையில் கேட்பதில்லை. "மத்தாப்புக்காரி பெட்டி ரெண்டு குடுங்க" என்றுதான் கேட்பார்கள். முதலாளிமார் காலண்டரிலும் அவளையே போட்டார்கள், லாரி முதுகிலும் அவளையே எழுதினார்கள்.

அவள் யார் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. வரைந்த ஆர்ட்டிஸ்ட் லட்சுமிகாந்தம் செத்து வெகு காலமாகிவிட்டது. தீபாவளிக்குத் தீபாவளி பேப்பர்க்காரன் எழுதுவான், இப்போது யூடியூபில் பேசுகிறார்கள். மெட்ராஸ் நடிகை என்று ஒருத்தன் சொன்னான். முந்தானை வலது தோளில் கிடக்கிறது, மூக்குத்தி இடது பக்கம் இருக்கிறது, ஆகவே வடக்கத்திப் பெண் என்று ஒருத்தன் அடித்துச் சொன்னான். மத்தாப்பை இடது கையில் பிடித்திருக்கிறாளே, இடக்கைக்காரியாகத் தேடுங்கள் என்றான் இன்னொருத்தன். முகம் சிவப்பு, பிடித்திருக்கிற கை மட்டும் கறுப்பு, அது ஏன் என்று கேட்டதற்கு, ஆர்ட்டிஸ்ட் வெளிச்சத்தை அப்படிக் காட்டியிருக்கிறார் என்று ஒரு படித்தவர் பதில் சொன்னார்.

கம்பெனிக்குள் இந்தச் சந்தேகமே கிடையாது. அவள் சண்முகக்கனி. சீனிச்சாமியின் அக்கா. படம் வெளிவந்த வருசமே, வேறொரு கம்பெனியில் மருந்து பிடித்து எரிந்துபோனவள். எரிந்தவள் இங்கே வந்து காவல் நிற்கிறாள் என்பது பேச்சு. கண்ணாடி போட்ட படமாக அவளைக் கேட்டுப் பக்கம் சுவரில் மாட்டி, தினமும் மாலை போட்டு, தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் ஆட்கள் உள்ளே போவார்கள். அவள் வந்த பிறகு இந்தக் கம்பெனியில் ஒரு பொறி விழுந்ததில்லை. அது உண்மை. ஒரு தடவை படத்துக்குக் கண்ணாடி மாற்ற எடுத்துப்போன அன்றைக்கு ஒருத்தரும் ரூமுக்குள் கால் வைக்காமல், முதலாளி வேறு வழியில்லாமல் லீவு விட்டார்.

மாரிச்செல்வி மட்டும் அந்தப் படத்தைத் தொட்டதில்லை. வரிசையில் வருவாள், தலையைக் குனிந்துகொண்டு தாண்டிப் போய்விடுவாள். கேட்டால் "மனசுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்" என்பாள்.

தன்னையே எப்படிக் கும்பிடுவது?

இன்றைக்கும் வரிசை நின்றது. சீனிச்சாமி படத்துக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தான். அவன் வலது சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கமாக வளைந்தது, பொட்டு வைக்கும்போது அது மட்டும் தனியாக மடங்கி நிற்கும். மகனுடைய பைக் வேப்பமரத்தடியில் நனைந்து நின்றது. மாரிச்செல்வி பேக்கிங் ஷெட்டுக்குப் போகாமல் நேரே மருந்து ரூம் பக்கம் நடந்தாள்.

ரூம் வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே அந்த வாடை அடித்தது. ஆட்டுக் கொட்டத்தில் மூத்திரம் புளித்தால் வருமே, மூக்கைக் குத்திக் கண்ணில் தண்ணீர் வரவைக்கும், அது. சுவரில் 'ஆட்கள் 4' என்று சிவப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தது. உள்ளே தலைகள் நெருக்கியடித்துக்கொண்டு தெரிந்தன. நாலைப் போல ரெண்டு மடங்கு. நடுவில் மணிகண்டராஜ், முழங்கை வரைக்கும் வெள்ளிப் பொடியோடு.

"மணி, வெளிய வாலே."

"என்னம்மா? வேலை கெடக்கு."

"வான்னா வா."

"நீ போம்மா, வந்துட்டியாக்கும் காலங்காத்தால." பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்யாணம் ஆகி ஒரு பிள்ளைக்குத் தகப்பன், அம்மா வந்து கையைப் பிடித்து இழுத்தால் வருவானா? அவன் குனிந்துகொண்டான்.

பின்னாலேயே சீனிச்சாமி வந்துவிட்டான். "யக்கா, பேக்கிங் ஆளுக இந்தப் பக்கம் வரக்கூடாதுல்ல?"

"வரக்கூடாதுதான். நாலு பேருக்கு மேல உள்ள உக்காரலாமா? செவுத்துல எழுத்து எதுக்கு, அழகுக்கா?"

"சீசன்க்கா. மத்தியானம் லோடுக்கு லாரி வந்து நிக்கும்."

"உள்ள மருந்து புழுங்குது சீனி. வாடை அடிக்கலையா ஒனக்கு?"

"எனக்கு மழையில மூக்கடைச்சுப் போச்சு" என்று சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மெதுவாகத்தான் சொன்னான். "எங்க அக்கா வாசல்ல நிக்கிற வரைக்கும் இங்கன ஒண்ணும் ஆகாதுக்கா. இத்தனை வருசத்துல ஆயிருக்கா? சொல்லுங்க. நம்பாம நான் எம் மச்சினனைக் கொண்டாந்து அங்கன உக்கார வச்சிருக்கேனா?"

அதுதான் அவளுக்குப் பயத்தைக் கூட்டியது. ஏமாற்றுகிறவனாக இருந்தால் சண்டை போடலாம், முதலாளியிடம் போகலாம். இவன் நம்புகிறான். மச்சினனையே உள்ளே உட்கார வைத்துவிட்டு நம்புகிறான். அங்கே மகன் தட்டை இந்தப் பக்கம் இழுக்கிறான். சாக்கு மூலையில் கிடக்கிறது, அதன் மேல் ஆவி மாதிரி ஏதோ தெரிகிறதா, இல்லை கண்ணில் கட்டிய தண்ணீரா?

மாரிச்செல்வி திரும்பிக் கேட்டுக்கு நடந்தாள். ஓடக் கூடாது, ஓடினால் தடுப்பார்கள் என்று நடந்தாள். வரிசையை விலக்கிக்கொண்டு போய், மாலையோடு சேர்த்துப் படத்தைச் சுவரிலிருந்து கழற்றினாள்.

வரிசை வாயைப் பிளந்தது. யாரோ ஒருத்தி "படத்தைக் கழட்டிட்டா, ஏய், படத்தைக் கழட்டிட்டா" என்று உள்பக்கம் பார்த்துக் கத்தினாள். அந்தச் சத்தம் ஷெட்டுக்கு ஷெட்டு தாவியது. அவள் நினைத்தது போலவே மருந்து ரூமிலிருந்து ஒவ்வொருத்தராக வெளியே வந்தார்கள். சுவரில் படம் இல்லாவிட்டால் ஒருத்தனும் உள்ளே இருக்க மாட்டான். மகனும் வந்தான். அவன் கால் வெளி மண்ணை மிதித்ததைப் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

சீனிச்சாமி முகம் கறுத்துப் போயிருந்தது. "குடுங்க யக்கா."

"மாட்டேன்."

"பெரியவகளா இருக்கீகன்னு பாக்கேன். குடுங்க. மாட்டிட்டு எல்லாரையும் உள்ள அனுப்பணும்."

"மருந்தை எரிகுழிக்கு அனுப்பு, பெறகு தாரேன்."

"யம்மா, என்ன இது கூத்து?" என்று மணிகண்டராஜ் பல்லைக் கடித்தான். "குடுத்துரு. எனக்குத் தலைகுனிவா இருக்கு."

அவள் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். எத்தனை நேரம் இப்படி நிற்க முடியும்? ரெண்டு பேர் பிடுங்கினால் போச்சு. திரும்ப மாட்டுவார்கள், திரும்ப உள்ளே போவார்கள், மகன்தான் முதல் ஆளாகப் போவான், பட்ட அவமானத்துக்கு. இத்தனை வருசமாக நாக்குக்கடியில் வைத்திருந்ததை எடுப்பதைத் தவிர அவளுக்கு வேறு வழி இல்லை. எடுத்தால் யாருக்கு வலிக்கும் என்பதும் தெரியும். எதிரில்தான் நிற்கிறான்.

"சீனி, இது ஒங்க அக்கா இல்ல."

"பெறகு? மெட்ராஸ் நடிகையாக்கும்."

"நான்."

பேக்கிங் ஷெட்டு உம்மு சல்மா, வாய்த்துடுக்குக்காரி, "யக்கா, நீங்க கண்ணாடி பாத்து எம்புட்டு நாளாச்சு?" என்றாள். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். ஒருத்தன் எட்டிப் பார்த்து, "மச்சம் இருக்கத்தான் செய்யுது, ஆனா எடது கன்னத்துல. படத்துல வலது. மச்சம் எடம் மாறி உக்காருமா?" என்றான்.

"கண்ணாடிதானே? வா" என்று மாரிச்செல்வி வேப்பமரத்தடிக்கு நடந்தாள். மகனுடைய பைக்கில் வட்டக் கண்ணாடி மழைத்துளியோடு இருந்தது. முந்தானையால் துடைத்தாள். மாலையை எடுத்துக் கைப்பிடியில் தொங்கவிட்டாள். படத்தைக் கண்ணாடிக்கு நேராகப் பிடித்தாள்.

"சீனி, நீ வந்து பாரு. மத்தவக பெறகு பாக்கட்டும்."

அவன் குனிந்து பார்த்தான். கண்ணாடிக்குள் மத்தாப்புக்காரி திரும்பியிருந்தாள். முந்தானை இந்த ஊர்ப் பெண்கள் போடுகிற மாதிரி இடது தோளில் கிடந்தது. மூக்குத்தி வலது பக்கம் வந்துவிட்டது. மத்தாப்பு வலது கையில். மச்சம் இடது கன்னத்தில். அவன் கண்ணாடியைப் பார்த்தான், மாரிச்செல்வியைப் பார்த்தான், திரும்பக் கண்ணாடியைப் பார்த்தான். வயசு அரித்தது போக, அந்தத் தாடையும் நெற்றி மேட்டில் ஏறின மயிர்ச்சுழியும் அப்படியே நின்றன.

"திருத்தங்கல்ல பிரஸ்ஸுக்கு மேல ஆர்ட்டிஸ்டு ரூம்பு. நானும் ஒங்க அக்கா கனியும் கீழ லேபிள் வெட்டுற வேலைக்குப் போயிக்கிட்டிருந்தோம். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்னை உக்கார வச்சு வரைஞ்சாரு. அச்சுக்குப் போகையில பிரஸ்ஸுல பிலிமைத் திருப்பிப் போட்டு பிளேட்டு எடுத்துட்டான். எல்லாம் எடம் வலமாயிருச்சு. மலை மலையா அடிச்சு முடிச்ச பெறகுதான் பாத்திருக்காக. சரி ஓடட்டும்னு ஓட்டுனாக. அந்தத் தீபாவளிக்குச் சரக்கு அள்ளிக்கிட்டுப் போச்சு. ராசியான லேபிளைத் தொடக்கூடாதுன்னு மொதலாளி பெறகு மாத்தவே விடலை. ஆர்ட்டிஸ்டு என்னைக் கூப்பிட்டுச் சிரிச்சாரு. ஒங்க அய்யா பாத்தாலும் இனி ஒன்னைக் கண்டுபிடிக்க மாட்டாரு, தப்பிச்ச போ பிள்ளன்னாரு."

உம்மு சல்மா வந்து கண்ணாடிக்குள் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை. "ஆமா" என்றாள். "இவகதான்."

மணிகண்டராஜ் அம்மாவை யாரோ அன்னியப் பெண்ணைப் பார்ப்பது போலப் பார்த்தான்.

"உசுரோட நிக்கிறவ நான்" என்றாள் மாரிச்செல்வி. "முட்டி வலிக்குத் தைலம் தேய்க்கிறவ. எனக்கு யாரையும் காப்பாத்தத் தெரியாது. அந்த ரூமுக்கு இப்பக் காவல்னு யாருமில்ல. மருந்து புழுங்குது, அம்புட்டுத்தான். இனி உள்ள போறவன் போங்க."

ஒருத்தரும் அசையவில்லை. சீனிச்சாமி மருந்து ரூமைப் பார்த்தான். அந்த ரூமை ஒட்டித்தான் முடித்த சரக்கு அடுக்கியிருந்தது, அதற்கு அடுத்த ரூமில் திரி. ஒன்று பிடித்தால் எல்லாம் போகும். அவன் செருப்பைக் கழற்றினான். இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மச்சினன் கையில் கொடுத்தான். அப்போதுதான் மாரிச்செல்விக்கு அவன் என்ன செய்யப் போகிறான் என்பது விளங்கியது.

"சீனி, வேண்டாம்ப்பா. எரிஞ்சா எரியட்டும், எல்லாரும் தூரப் போயிருவோம்."

"மூடி வச்சவன் நான்."

அவன் உள்ளே போனான். ஆட்களெல்லாம் வேலி வரைக்கும் பின்வாங்கினார்கள். வேப்பமரத்துக் கிளை சொட்டுகிற சத்தம் கேட்டது. தட்டை ஏந்திக்கொண்டு வெளியே வந்தான். குலுக்காமல், கால் விரலை ஊன்றி ஊன்றி, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப்போகிறவன் மாதிரி நடந்தான். சாக்கின் ஓரத்திலிருந்து இப்போது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற மாதிரி வெள்ளை ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. எரிகுழி வேலிக்கு அந்தப் பக்கம், ஓடைக்கரையில். அந்தத் தூரம் தினம் நடக்கிற தூரம்தான். இன்றைக்கு அது முடியவே மாட்டேன் என்றது. மாரிச்செல்வி படத்தின் சட்டத்தைப் பிடித்திருந்த பிடியில் உள்ளங்கை அறுத்துவிட்டது, அவளுக்குத் தெரியவில்லை.

குழியோரம் குந்தித் தட்டை மண்ணில் வைத்தான். எழுந்தான். திரும்பி நாலு எட்டு வைத்திருப்பான். முதுகுக்குப் பின்னால் பகலை வெளுப்பாக்கிக்கொண்டு ஒரு வெளிச்சம் எழுந்தது. வெடிக்கவில்லை. கூடை கூடையாக மத்தாப்பைச் சேர்த்துக் கொளுத்தியது போல 'ஸ்ஸ்' என்று எரிந்து, வெள்ளைப் புகையாக ஓடைக்கு மேல் சாய்ந்தது. சீனிச்சாமி குப்புற விழுந்து கிடந்தான். மணிகண்டராஜ்தான் முதலில் ஓடிப் போய்த் தூக்கினான். பிடரி மயிர் கருகியிருந்தது. வேறொன்றும் இல்லை.

ஆட்கள் பேச ஆரம்பித்ததும் அந்தப் பேச்சு போன வழி மாரிச்செல்விக்குப் பிடிக்கவில்லை. "மத்தாப்புக்காரி நம்மளக் காப்பாத்திட்டா" என்று ஒரு கிழவர் கையெடுத்துக் கும்பிட்டார். "நேருல வந்துட்டா பாத்தியா" என்றாள் இன்னொருத்தி. மாரிச்செல்வி, "மழை பெஞ்சுச்சு, வாடை வந்துச்சு, மூக்கு இருக்கிற யாரும் சொல்லியிருப்பாக" என்று சொல்லிப் பார்த்தாள். யார் காதிலும் ஏறவில்லை.

சீனிச்சாமி மரத்தடியில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தான். பிறகு அவளை நிமிர்ந்து பார்க்காமலே கேட்டான்.

"அப்ப எங்க அக்கா முகம் எப்படிக்கா இருக்கும்?"

அக்கா சாகும்போது அவன் டவுசர் போட்ட பிள்ளை. வீட்டில் போட்டோ கிடையாது. இத்தனை வருசமும் அவன் அக்கா என்று நினைத்தபோதெல்லாம் மனசில் வந்தது இந்த முகம். அதை ஒரு பைக் கண்ணாடியில் வைத்து மாரிச்செல்வி பிடுங்கிவிட்டாள்.

"ஒன்னை மாதிரி இருப்பா. ஒன்னை விடக் கறுப்பு. சிரிச்சா ஊருக்கே கேக்கும்" என்றாள். பிறகு படத்தை அவன் மடியில் வைத்தாள். "முகம் என்னது. இந்தக் கை என்னது இல்ல."

அவன் நிமிர்ந்தான்.

"எனக்குப் பொறின்னா பயம். மத்தாப்பு பத்துனதும் தலையை ஆட்டிருவேன். அசையாம உக்காரு பிள்ள, அசையாம உக்காருன்னு ஆர்ட்டிஸ்டு கத்திப் பாத்தாரு. பொம்பளப்பிள்ள தனியாப் போகக்கூடாதுன்னு கூட வந்தவ கனி. நான் பிடிக்கேன் சார்னு பக்கத்துல ஒட்டி உக்காந்து கையை நீட்டுனா. எத்தனை மத்தாப்பு எரிஞ்சாலும் அந்தக் கை ஆடலை. அவர் அதையே வரைஞ்சுட்டாரு. கனி போன பெறகு பெட்டியைப் பாத்ததும் ஒங்க அம்மா எம்பிள்ளைன்னு அழுதாக. எல்லாரும் முகத்தைப் பாத்தாக. ஒங்க அம்மா எதைப் பாத்து அழுதாகன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அழுதவகிட்ட போயி, முகம் எம்முகம்னு சொல்ல எனக்கு வாய் வரலை."

சீனிச்சாமி படத்தை அருகே கொண்டுபோனான். மத்தாப்பைப் பிடித்திருந்த அந்தக் கறுத்த கையில் சுண்டுவிரல் மட்டும் உள்பக்கமாக வளைந்து தனியாக நின்றது. தன் கையை அதன் பக்கத்தில் வைத்தான். அப்படியே வைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் படம் சுவரில் இருந்தது. குங்குமம் முகத்தில் இல்லை, கையில் இருந்தது. மாரிச்செல்வி வழக்கம்போலத் தலையைக் குனிந்து தாண்டப் பார்த்தாள். வரிசையிலிருந்த ஒருத்தி அவள் காலைத் தொட வந்தாள். மாரிச்செல்வி வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டு, "போடி அங்கிட்டு" என்றாள். உம்மு சல்மா, "தேங்கா உடைக்கணுமாக்கா, இல்ல சூடம் போதுமா?" என்று கேட்டாள்.

மருந்து ரூம் வாசலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பக்கத்தில் சீனிச்சாமி பிடரியில் மருந்து தடவிக்கொண்டு நின்றான்.

"உக்காருங்க யக்கா. நீங்க இங்கன இருந்தாத்தான் உள்ள போவோம்ங்கானுக. சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கானுக."

"ஏலே, நேத்து அம்புட்டுச் சொன்னேனே, காதுல விழலையா? நான் என்ன சாமியா?"

"எனக்குத் தெரியும்க்கா. அவனுகளுக்குச் சொல்லுங்க."

ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள், அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு. முகத்தைப் பார்க்கிற இந்தப் பார்வை அவளுக்கு எரிச்சலாக இருந்தது. வைதுவிட்டுப் பேக்கிங் ஷெட்டுக்குப் போய்விடலாம். போனால் இன்றைக்கு ரூம் காலியாக இருக்கும். நாளைக்கு வேறு எதையாவது சுவரில் மாட்டுவார்கள். அதைக் கும்பிட்டுவிட்டு எத்தனை பேர் உள்ளே போவார்களோ.

அவள் நாற்காலியைத் தூக்கி வாசலுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்தாள். காலை நீட்டி எதிர்ப்பக்கக் கதவு நிலையில் ஊன்றினாள்.

ஒருத்தன் வந்தான். காலை மடக்கினாள், போனான். அடுத்தவன் போனான். மூணாவது ஆளும், நாலாவதாகச் சீனிச்சாமியின் மச்சினனும் போனார்கள். அடுத்து வந்தவனுக்குக் கால் மடங்கவில்லை. மணிகண்டராஜ்.

"யம்மா, காலை எடு."

"செவுத்துல என்ன எழுதியிருக்கு?"

"யம்மா, லாரி வந்துரும். விளையாடாத."

"வரட்டும். படி."

அவன் சுவரைப் பார்த்தான், சீனிச்சாமியைப் பார்த்தான். சீனிச்சாமி ஓடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். பின்னால் நின்றவர்களில் ஒருத்தரும் அவளைத் தாண்ட முன்வரவில்லை. கும்பிட்ட காலை எப்படித் தாண்டுவது?

முட்டி வலித்தது. வெயில் ஏற ஏற இன்னும் வலிக்கும். அவள் காலை அசைக்கவில்லை.